மாத்திரைக்காரர் சாலமோன் ஓட்டிய பந்தயம்

சாலமோன் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்பங்கரைக்கும் வாசலுக்குமாக நடந்தபடியே சாப்பிட்டு முடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். அவருடைய மனைவி அன்னபுஷ்பம் படப்பையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. "இவருக்கு நாற்காலி வாங்கிப் போட்டதே தண்டம்" என்பார் அந்த அம்மா. முதலில் நான் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எண்பதாம் ஆண்டு தொழுநோய்த் தடுப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அவருக்கு உதவியாளனாக அந்த வட்டாரத்துக்கு வந்தேன். அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. சேரப்பணஞ்சேரியில் பிறந்தவர், அப்பா கல்குவாரித் தொழிலாளி. ஒரகடத்தைச் சுற்றி இருபத்துநான்கு கிராமங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. சர்க்கார் கொடுத்த சைக்கிள், தோளில் ஒரு பை. பைக்குள் நோயாளிகளின் அட்டைகள், வெள்ளை மாத்திரைகள், ஒரு கோழி இறகு. உடம்பில் தேமல் இருக்கிற இடத்தில் இறகால் தடவி, கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வார். காட்டத் தெரியாவிட்டால் ஓர் அட்டை எழுதுவார்.

ஊர்களில் அவருக்கு மாத்திரைக்காரர் என்று பெயர். மரியாதையான பெயர் என்று நினைக்க வேண்டாம். அவருடைய வண்டியின் சங்கிலிக் கவசத்தில் சிவப்பு எழுத்தில் இலாகாவின் பெயர் இருக்கும். அந்தச் சிவப்பு தெருமுனையில் தெரிந்ததுமே பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் எந்த வீட்டு வாசலில் நிற்கிறாரோ அந்த வீட்டில் பெருநோய் என்று ஊர் முடிவு கட்டிவிடும். பெண் எடுக்க மாட்டார்கள், கிணற்றில் தண்ணீர் எடுக்க விட மாட்டார்கள். அதனால் நோயாளிகளை வீட்டில் பார்ப்பதில்லை. ஒருவரை ஏரி மதகில் பார்ப்பார், ஒருவரை ரைஸ்மில்லுக்குப் பின்னால், இன்னொருவரைச் சுடுகாட்டுப் பாதையில். இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் இருநூறு மறைவிடங்கள் அவருக்கு மனப்பாடம். டீக்கடையில் குடிக்கச் சொந்த டம்ளர் வைத்திருந்தார். பதினோரு வருஷத்தில் வேலையாகப் போன எந்த ஊரிலும் யாரும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை என்று ஒருமுறை சொன்னார்.

அவர் வாழ்க்கையில் ஒரு சைக்கிள் பந்தயம் உண்டு. எழுபத்திரண்டாம் வருஷம் நடந்தது. அதை அவர் என்னிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக, வண்டி மிதித்துக்கொண்டே, துண்டு துண்டாகச் சொன்னார். அன்னபுஷ்பம் அம்மாவிடமும் கொஞ்சம் கேட்டுத்தான் கோத்து எழுதுகிறேன்.

அது கிளியம்மாளிடமிருந்து தொடங்குகிறது.

கிளியம்மாளின் புகுந்த ஊர் ஒரகடத்துக்கு மேற்கே இருந்தது. பெயரைச் சொல்லப்போவதில்லை, அவளுடைய மனிதர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். இருபத்துநான்கு வயது. இரண்டு வயதில் பாஞ்சாலி என்று ஒரு பெண் குழந்தை. இடது முன்கையில் ஒரு தேமல் இருந்தது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்திருந்தன. சந்தையில் அவளே அவர் பின்னால் நடந்து வந்து, தனியாக ஒதுங்கிய இடத்தில் கையை நீட்டினாள்.

"இன்னா சார் இது? நெருப்பு பட்டாக்கூட தெரிய மாட்டேங்குது."

என்ன நோய் என்று சாலமோன் சொன்னார். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள்.

"மாத்திரைய முழுங்கறேன் சார், எத்தினி வருசம் ஆனாலும் முழுங்கறேன். வூட்டுக்கு மட்டும் வந்துடாதீங்க. எங்க அத்தைக்குத் தெரிஞ்சுதுன்னா என்னிய வெச்சிக்க மாட்டாங்க."

மாதத்தின் முதல் வியாழக்கிழமை ஏரிக்கரைப் பனைமரங்களுக்குக் கீழே பார்ப்பது என்று ஏற்பாடு. புல் அறுக்கிற சாக்கில் வருவாள், ஒரு மாத மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். பதினைந்து மாதம் ஒரு வியாழன் தவறவில்லை.

எழுபத்திரண்டு ஏப்ரலில் அவள் வரவில்லை. மே மாதமும் வரவில்லை. சாலமோனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மரத்துப்போன விரல்கள், மாத்திரையும் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நடந்தார். பிறகு வண்டியை ஊருக்குள் திருப்பினார். குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோல் அந்த வீட்டு வாசலில் நிற்பது, அவள் கண்ணில் பட்டால் போதும், போய்விடுவது என்று திட்டம்.

வாசலில் மாமியார் ராஜம்மா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி முதலில் சைக்கிளைப் பார்த்தார், பிறகு ஆளைப் பார்த்தார்.

"இன்னா வேணும்?"

யோசித்து வைத்திருந்தது அத்தனையும் மறந்துபோயிற்று.

"கிளியம்மா இல்லீங்களா?"

ராஜம்மாவின் கை நின்றது. "எங்க வூட்டுப் பொண்ணு பேரு உனுக்கு எப்படித் தெரியும்?"

 ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஓட்டுப் பட்டியல் என்றோ அம்மை ஊசி என்றோ சொல்லியிருக்கலாம். வாயே வரவில்லை. எதிர்வீட்டில் ஒரு பெண் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

உள்ளே கிளியம்மாள் அம்மை போட்டுப் படுத்திருந்தாள். முதலில் குழந்தைக்கு, பிறகு அவளுக்கு என்று அம்மை வந்ததால்தான் இரண்டு மாதமும் வரவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாளே அவள் புருஷன் அவளை ஒரகடம் பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டான். குழந்தையைக் கொடுக்கவில்லை. பிறந்த ஊர் மணிமங்கலம். அங்கே அண்ணன் ஒரு நாள் சோறு போட்டு அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு அவள் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது.

மே முதல் நவம்பர் வரை சாலமோன் தேடினார். வேலை முடிந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு செங்கல் சூளை, ரைஸ்மில், கல்குவாரி என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர். வீட்டுக்கு வந்தாலும் நிலைகொள்ள மாட்டார்.

"எங்கியாவது ஒரு நிமிசம் குந்துங்களேன்" என்பார் அன்னபுஷ்பம்.

"ஒரு நிமிசம் வாய மூடிக்கினு இருந்திருந்தா போதும், அன்னம். அந்தப் பொண்ணு குடும்பத்தோட இருந்திருக்கும்" என்பார் அவர்.

செப்டம்பரில் அந்த ஊர் பால்வாடியில் குழந்தைகளைப் பரிசோதித்தபோது பாஞ்சாலியையும் பார்த்தார். மற்ற குழந்தைகளைவிட ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்தார். உடம்பு சுத்தமாக இருந்தது.

அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாலிபர் மன்றத்தார் சைக்கிள் பந்தயம் அறிவித்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் கிளம்பி வல்லம், ஒரகடம், சேரப்பணஞ்சேரி, படப்பை, மணிமங்கலம் வழியாகத் திரும்ப ஸ்ரீபெரும்புதூர். அப்படி இரண்டு சுற்று. மொத்தம் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். அப்போது அந்த வழியில் பாதிக்கு மேல் கப்பி ரோடு, அதாவது உடைத்த கல்லைப் பரப்பி மேலே செம்மண் கொட்டிய சாலை. முதல் பரிசு புது சைக்கிள், அடுத்தது சுவர்க் கடிகாரம், மூன்றாவது எவர்சில்வர் குடம்.

சாலமோன் பெயர் கொடுத்துவிட்டு வந்து வீட்டில் சொன்னார். அன்னபுஷ்பத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"முப்பத்தெட்டு வயசுல பந்தயமா? எதுக்குங்க?"

"நான் போனா எல்லாரும் உள்ள பூடறாங்க. பந்தயம்னா எல்லாரும் வெளிய வந்து ரோட்டோரம் நிப்பாங்க. ஊர் ஊரா மூஞ்சியப் பாத்துக்கினே போலாம். அவ எங்கியாவது நிப்பா."

"நின்னா? பந்தயத்த வுட்டுட்டு எறங்கி மாத்திரை குடுப்பீங்களா?"

"குடுப்பேன்" என்றார். உண்மையாகவே சட்டைப் பையில் ஒரு மாத மாத்திரையைப் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பிடித்த மழை ஞாயிறு காலையிலும் விடவில்லை. பந்தயத்தைத் தள்ளிவைக்கலாம் என்று சிலர் சொன்னார்களாம். சிறப்பு விருந்தினருக்கு வேறு நாள் தோதுப்படாது என்று நடத்திவிட்டார்கள். நாற்பத்துமூன்று பேர் நின்றார்கள். எல்லாரும் இளவட்டம். சின்னப்பராஜ்தான் ஜெயிப்பான் என்று பேச்சு. ஸ்ரீபெரும்புதூரிலேயே சைக்கிள் கடை வைத்திருந்தான், இருபத்தைந்து வயது, தொடை இரண்டும் உருட்டுக் கட்டைபோல இருக்கும். சாலமோனின் வண்டியைப் பார்த்து அவன் சிரித்தான்.

"இன்னாண்ணா, மட்கார்டெல்லாம் கழட்டிட்டு வந்துகீறீங்க? முதுகு பூரா சேறாய்டும்."

"ஆவட்டும்" என்றார் சாலமோன். மழைக்காலத்தில் அந்த ரோட்டில் தினமும் போகிறவருக்கு அது தெரியும். செம்மண் சேறு டயரில் ஒட்டி, மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அடைத்து இறுகிவிடும். பிறகு சக்கரம் சுற்றாது. இறங்கிக் குச்சியால் நோண்ட வேண்டும்.

ஆறரைக்கு வெடி வெடித்தார்கள். வல்லம் வருவதற்குள்ளேயே ரோடு மாறிவிட்டது. லாரி போன தடங்களில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர், இரண்டு தடத்துக்கும் நடுவில் வழவழவென்று மண் திட்டு. எட்டுப் பேர் அந்த ஓரிடத்திலேயே விழுந்தார்கள். சாலமோன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு ஊர் வந்ததும் வேகத்தைக் குறைத்து இரண்டு பக்கமும் முகங்களைப் பார்த்துக்கொண்டே போனார். ஆனால் அவர் ஒன்றை எதிர்பார்க்கவில்லை. மழைக்கு எல்லாரும் கோணிப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார்கள். கண்ணும் மூக்கும்தான் தெரிந்தன. யார் ஆண், யார் பெண் என்பதே கிட்டப் போனால்தான் தெரியும். ஒரகடத்தில் ஒரு கோணிக்குக் கீழே குனிந்து பார்த்தார். யாரோ ஒரு கிழவர்.

சேரப்பணஞ்சேரிக்கு வந்தபோது ஒரு கூச்சல் கிளம்பிற்று.

"தோ பார்றா! நம்ம மாத்திரைக்காரரு!"

கேலியாகத்தான் தொடங்கியது. பிறகு அது கேலியாக இல்லை. சொந்த ஊர்க்காரர் ஒருவர் பந்தயத்தில் இருக்கிறார் என்பது அவர்களுக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்திருக்கும். கூடவே ஓடி வந்தார்கள். ஒரு பெண் செம்பைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தாள். "வாயத் தெறங்க, வாயத் தெறங்க" என்று அவள் ஊற்ற, பாதி வாயிலும் பாதி கழுத்திலும் விழுந்தது. சாலமோன் அந்தத் தண்ணீரைக் குடித்தார்.

"அத்தோட எனக்குப் பைத்தியம் புடிச்சிக்கிச்சு, தம்பி" என்று அவர் என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் முகங்களைப் பார்க்கவில்லை. முன்னால் போகிற முதுகுகளைப் பார்க்க ஆரம்பித்தார். படப்பையில் இரண்டு பேரைத் தாண்டினார். மணிமங்கலம் தாண்டி ஒரு தரைப்பாலத்தின் மேல் ஓடைத் தண்ணீர் இடுப்பளவு போய்க்கொண்டிருந்தது. இக்கரையில் பந்தயக்காரர்கள் ஒரு கும்பலாகத் தயங்கி நிற்க, அவர் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, பாலத்தின் ஓரக்கல் எங்கே என்று காலால் தடவியபடி கடந்தார். முதல் சுற்று முடிந்து ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டபோது பதினைந்து பேர்தான் மிச்சம். இரண்டாம் சுற்றில் வல்லத்துக்கு அப்பால் ரோட்டோரமெல்லாம் ஆட்கள் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர் புல் முளைத்த ஓரத்திலேயே வண்டியை ஓட்டினார். எந்த இடத்தில் அடியில் கல் இருக்கிறது, எங்கே வெறும் களி என்று அவருக்குத் தெரியும். சங்கிலியிலிருந்து கிரீச் கிரீச்சென்று சத்தம் வந்தது. தொடையில் இரண்டு முறை நரம்பு சுருட்டிக்கொண்டது. ஒரகடம் முனையில் ஒருவன் கத்தினான்.

"நீங்க ரெண்டாவது! முன்னால சின்னப்பராஜ் மட்டும்தான்!"

சேரப்பணஞ்சேரி தாண்டி ஒரு கிலோமீட்டர் இருக்கும். ரோடு போடும் கூலிக் கூட்டம் ஒன்று அங்கே கொட்டகை போட்டிருந்தது. ஓரமாக ஜல்லிக் குவியல்கள். அன்று வேலை இல்லாததால் ஆட்கள் குவியல்மேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நூறு கஜத்துக்கு முன்னால் சின்னப்பராஜ் வண்டியிலிருந்து இறங்கிப் பின்சக்கரத்தை நோண்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. வெடி வெடித்துக் கிளம்பிய பிறகு முதல்முறையாக அவனை அவர் கண்ணால் பார்க்கிறார்.

அப்போது வலது பக்கக் குவியலின் மேலிருந்து ஒரு கை உயர்ந்தது. இடது கை. அழுக்குத் துணி சுற்றியிருந்தது. கோணிப்பை தலையிலிருந்து நழுவ, முழு முகமும் தெரிந்தது.

"சார்! மாத்திரை சார்! நான்தான் சார்!"

"பாத்தேன். பாக்கலன்னு நான் எப்பவும் சொல்ல மாட்டேன். அவதான்னு தெரிஞ்சுது. கையில புண்ணுன்னும் தெரிஞ்சுது" என்றார் சாலமோன். இதைச் சொன்ன அன்று நாங்கள் மணிமங்கலம் ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்தோம். வண்டியை மிதிக்கும் வேகத்தை அவர் கூட்டினார், நான் பின்தங்கிவிட்டேன்.

இடம் தெரிந்துவிட்டது, எங்கே போய்விடப்போகிறாள், முடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஹாண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து, இரு, வருகிறேன் என்பதுபோல் ஆட்டினார். பிறகு எழுந்து நின்று மிதித்தார். சின்னப்பராஜ் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவனைத் தாண்டிவிட்டார்.

படப்பையில் பள்ளிக்கூடச் சுவர் ஓரம் அன்னபுஷ்பம் குடையோடு நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அது அவர் காதில் விழவில்லை. கடைசி பத்துக் கிலோமீட்டர் சின்னப்பராஜ் பின்னாலேயே வந்தான். ஊர் எல்லையில் அவன் டயர் வெடித்தது. சாலமோன் ஜெயித்துவிட்டார்.

அவரைத் தோளில் தூக்கினார்கள். எந்தத் தெருவில் அவரைக் கண்டால் கதவைச் சாத்துவார்களோ அந்தத் தெருக்காரர்கள் தூக்கினார்கள். தலையெல்லாம் சேறு, கழுத்தில் மாலை. பரிசளிப்பு மூன்று மணிக்கு என்றார்கள். சிறப்பு விருந்தினர் நாலரைக்குத்தான் வந்தார். "போய்ட்டு வந்துடறேன்" என்று சாலமோன் இரண்டு முறை கேட்டார். "முதல் பரிசுக்காரரே இல்லன்னா எப்படிண்ணா?" என்று பிடித்து வைத்துவிட்டார்கள்.

"பிடிச்சு வெச்சாங்கன்னு சொல்றது பொய். நானும் நின்னேன். போட்டோ புடிச்சாங்க. அந்த போட்டோவுக்கு நின்னேன், தம்பி."

பரிசாகக் கிடைத்த புது வண்டியிலேயே அவர் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது கொட்டகை இல்லை. மழையால் வேலையை நிறுத்திவிட்டு, மதியம் இரண்டு மணிக்கே கான்ட்ராக்டர் லாரியில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்று பக்கத்து வயலில் மடை திறந்துகொண்டிருந்த ஆள் சொன்னார். எங்கே? தெரியாது. ஜல்லிக் குவியல் மட்டும் நனைந்துகொண்டிருந்தது.

அடுத்த நாளிலிருந்து அவர் தூங்கவே இல்லை என்கிறார் அன்னபுஷ்பம். கான்ட்ராக்டரின் மேஸ்திரியைக் கண்டுபிடிக்கவே ஒன்பது நாள் ஆயிற்று. "ஒரு கும்பல் சுங்குவார்சத்திரம், ஒரு கும்பல் இருங்காட்டுக்கோட்டை, இன்னொண்ணு கூலி வாங்கிக்கினு ஊருக்கே பூட்சி. எது எதுல இருந்துதோ, யாரு பேரெல்லாம் எழுதி வெச்சாங்க?" என்றார் மேஸ்திரி. சாலமோன் மூன்று திசையிலும் போனார். பத்தொன்பதாம் நாள் இருங்காட்டுக்கோட்டை அருகில் பெங்களூர் ரோட்டோரம் அவளைப் பார்த்தார்.

குந்தி உட்கார்ந்து கல் உடைத்துக்கொண்டிருந்தாள். வலது கையில் சுத்தியல். இடது கையால் கல்லைப் பிடித்திருந்தாள். அந்தக் கையில் சுற்றிய துணி ஈரமாக இருந்தது. பக்கத்தில் போனதும் நாற்றம் அடித்தது. விரலில் சுத்தியல் பட்டிருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. பட்ட இடத்திலேயே மறுபடியும் மறுபடியும் பட்டிருக்கிறது.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவள் எதிரில் அவரும் குந்தினார்.

"அன்னிக்கே கூப்ட்டேனே சார்" என்றாள் கிளியம்மாள்.

"பாத்தேன்மா."

"ஆமா, கைய ஆட்னீங்க. வருவீங்கன்னு லாரி ஏறாம நின்னுக்கினு இருந்தேன். மேஸ்திரி கத்துனாரு. ஏறிட்டேன்."

அவர் அவள் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சேன்."

அவள் தலையை ஆட்டினாள். கோபம் எதுவும் அவள் முகத்தில் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"பாஞ்சாலியப் பாத்தீங்களா சார்? அதுக்குத் தேமல் ஏதாவது கீதா?"

"இல்லம்மா. முதுகு, கையி, காலு எல்லாம் பாத்தேன். ஒண்ணுமில்ல. சுத்தமா கீது. குண்டாக்கூட ஆய்ட்டா."

அப்போதுதான் அவள் அழுதாள். சுத்தியலைக் கீழே வைக்காமலே அழுதாள்.

பஸ்ஸில் கூட்டிப்போகப் பார்த்தார். கையைப் பார்த்ததும் கண்டக்டர் படியிலேயே நிறுத்திவிட்டார். அதனால் புது வண்டியின் கேரியரில் அவளை உட்காரவைத்து, பட்டப்பகலில், ஊர் ஊராகத் தாண்டித் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூன்றரை மணி நேரம். வழியில் யார் பார்த்தார்கள், யார் சிரித்தார்கள் என்று அவருக்கு நினைவில்லை. சுண்டுவிரலை முழுவதுமாகவும் மோதிரவிரலில் இரண்டு கணுவையும் எடுத்தார்கள்.

டாக்டரிடம் சாலமோன் கேட்டார்: "பத்தொம்பது நாள் முன்னாடி இட்டாந்திருந்தா விரல் தங்கியிருக்குமா?"

"சொல்ல முடியாது. தங்கியிருக்கலாம், தங்காமலும் போயிருக்கலாம்" என்றார் டாக்டர்.

அந்தப் பதில் அவரை விடவில்லை. ஆமாம் என்றோ இல்லை என்றோ யாராவது சொல்லிவிட்டால் போதும் என்று அலைந்தார். வெவ்வேறு டாக்டர்களிடம், வேறு யாருக்கோ நடந்ததுபோல் கேட்பார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே என்னிடமும் கேட்டார். பாடப் புத்தகத்தில் படித்ததை வைத்து ஏதோ உளறினேன். அது எதற்கான கேள்வி என்று எனக்கு அப்போது தெரியாது.

புது வண்டியை அன்னபுஷ்பம் அம்மா பள்ளிக்கு ஓட்டக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. மறு வருஷமும் பந்தயம் நடந்தது. மன்றத்தார் வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். அவர் கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியைக் கழுவ ஆரம்பித்துவிட்டாராம்.

கிளியம்மாள் ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறகு தாம்பரத்தில் ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று விரல் கையை அங்கே யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மெஷினில் மாட்டிக்கொண்டது என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். எட்டு வருஷம், ஒரு மாதம்கூட விடாமல் மாத்திரை சாப்பிட்டாள். எண்பதில் அவள் அட்டையை முடித்து, நோய் அடங்கியது என்று எழுதினார்கள். அவள் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். பாஞ்சாலி ராஜம்மாவிடம் வளர்ந்தாள். வருஷம் ஒருமுறை பள்ளிக்கூடப் பரிசோதனையில் சாலமோன் அவளைப் பார்ப்பார். அடுத்த ஞாயிறு தாம்பரம் போய்ச் சொல்வார். முன்பல் விழுந்துவிட்டது, கணக்கில் மட்டு, பாட்டு நன்றாகப் பாடுகிறாள் என்று இப்படி ஏதாவது. கிளியம்மாளுக்குத் தன் மகளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

எண்பத்தொன்றில் நானும் கூட இருந்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, பாஞ்சாலியின் முறை வந்தது. பன்னிரண்டு வயது, ஒட்டிய கன்னம். அவர் இறகை எடுத்தபோது அவள் கண்ணை மூடவில்லை.

"சார், எங்கம்மா எங்க கீறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாமே?"

சாலமோன் இறகைக் கீழே இறக்கினார். வாய் திறக்கப்போனவர் மூடிக்கொண்டார். "அடுத்த மாசம் சொல்றேன்மா" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் என்னிடம் பையைக் கொடுத்துவிட்டு நேராகத் தாம்பரத்துக்கு மிதித்தார். கிளியம்மாளைக் கேட்காமல் அவள் பெயரை அவர் இனி எங்கும் சொல்லப்போவதில்லை. அவள் ஒரு வாரம் யோசித்தாள். பிறகு, "வேற யாரையாவது வுட்டு இட்டாரச் சொல்லுங்க, நீங்க வராதீங்க, உங்களப் பாத்தா ஊருக்குத் தெரிஞ்சுடும்" என்றாள். அப்படித்தான் அந்த வேலை என்னிடம் வந்தது.

ஒரு சனிக்கிழமை பாஞ்சாலியைப் பஸ்ஸில் அழைத்துப் போனேன். அச்சகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. கிளியம்மாள் இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.  நான் வெளியே போய் நின்றேன். சிறிது நேரத்தில் உள்ளே பேச்சு கேட்டது. பிறகு பாத்திரச் சத்தம். போண்டா போட்டாள், எனக்கும் ஒன்று வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாஞ்சாலியிடம் கேட்டேன்.

"வூட்ல இன்னான்னு சொல்லிட்டு வந்தே?"

"அம்மாவப் பாக்கப் போறேன்னு சொன்னேன்."

"யாராண்ட?"

"ஆயாகிட்டதான். டிக்கெட்டுக்கு அவங்கதான் குடுத்தாங்க. அவ கையி எப்படிக் கீதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுன்னாங்க."

மறுநாள் சாலமோனிடம் சொன்னேன். அவர் அப்போது சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். பம்பை நிறுத்திவிட்டு, "ராஜம்மாவா?" என்றார். ஆமாம் என்றேன். நான் சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ என்பதுபோல் மறுபடியும், "ராஜம்மாவா சொன்னாங்க?" என்று கேட்டார். பிறகு, பாஞ்சாலி போய் அவரிடம் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.